888 கிராமில் எட்டுப் பேர்: ஒட்சிசன் பெட்டி கட்டிய கதை

முந்தாநாள் இரவு பதினொன்றரை மணிக்கு, ஒரு கணினி விளையாட்டின் 140ஆவது சைக்கிளில் (அங்கே ஒரு நாள்), என்னுடைய எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் படுத்து விடியும்வரை தூங்கினார்கள். ஒருவரும் பாதித் தூக்கத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி ஓடவில்லை. இதற்கு இரண்டு உலகங்களும் ஐந்து உயிர்களும் கிட்டத்தட்ட ஒன்றரை மாத இரவுகளும் செலவு. மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

விளையாட்டின் பெயர் ஒக்சிஜன் நொட் இன்குளூடட். கனடாவின் கிளெய் நிறுவனம் 2019இல் முழுமையாக வெளியிட்டது. ஒரு விண்கல்லின் வயிற்றுக்குள் மூன்று பேரை இறக்கிவிடுவார்கள். அவர்களுக்குக் காற்று, தண்ணீர், சாப்பாடு எல்லாம் நாங்கள்தான் பார்க்க வேண்டும். பழக்கிவிட்டது அக்காவின் மகன். சாதாரணதரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை எங்கள் திருகோணமலை உவர்மலை வீட்டில்தான் நிற்கிறான். நான் பிரிட்ஜ், ஏசி திருத்துகிறவன். பகலெல்லாம் வாயுவோடும் பைப்போடும் மல்லுக்கட்டுகிறவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்ற திமிரோடுதான் உட்கார்ந்தேன். என் வேலைத்தளத்தில் ஒரு பெடியன் செய்தால் காதைப் பிடித்துத் திருகுவேன் என்று சொல்லக்கூடிய பிழைகளை எல்லாம் நானே வரிசையாகச் செய்தேன்.

முதலில் கணக்கு. ஒரு ஆளுக்குச் செக்கனுக்கு 100 கிராம் ஒட்சிசன் வேண்டும். ஒரு சைக்கிள் 600 செக்கன். ஆக ஒருவருக்கு ஒரு சைக்கிளுக்கு 60 கிலோ. (உண்மையான மனிதருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோகூட வேண்டாம், விண்வெளிக்காரர் போடுகிற கணக்கு சுமார் 0.84 கிலோ. இந்த ஆட்கள் மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரிக் குடிக்கிறார்கள்.) எட்டுப் பேருக்குச் செக்கனுக்கு 800 கிராம். இந்த இலக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

முதல் உலகத்தில் எல்லாரும் தொடங்குகிற மாதிரி அல்காவில் (பாசி) தொடங்கினேன். டிஃபியூசர் என்ற இயந்திரம் 550 கிராம் அல்காவைத் தின்று 500 கிராம் ஒட்சிசன் தரும். 120 வாட் குடிக்கும். இரண்டு வைத்தால் எட்டுப் பேருக்குத் தாராளம். 800 கிராம் ஒட்சிசனுக்கு 880 கிராம் அல்கா, அதாவது சைக்கிளுக்கு 528 கிலோ. வரைபடத்தில் தெரிந்த பச்சைக் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கூட்டினேன். 26 தொன் வந்தது. 49 சைக்கிளுக்குக் கவலையில்லை என்று எழுதி வைத்துவிட்டு, படுக்கையறை கட்டவும் சுவரில் படம் மாட்டவும் போய்விட்டேன்.

அல்கா 25 சைக்கிளில் முடிந்தது.

"மாமா, தோண்டினால் பாதிதான் கையில வரும். மற்றப் பாதி காணாமப் போயிடும்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமேடா."

"நீங்கள் கேக்கேல்லையே."

அவன் சொன்னது சரி. இந்த விளையாட்டில் எந்தக் கட்டியைத் தோண்டினாலும் அதன் நிறையில் பாதிதான் மிஞ்சும். 26 தொன் என்றால் 13 தொன். அவசரத்தில் அல்காத் தொட்டிகள் வைத்துப் பார்த்தேன். ஒன்று செக்கனுக்கு 40 கிராம்தான் தரும். எட்டுப் பேருக்கு 20 தொட்டி வேண்டும். ஒவ்வொன்றும் 300 கிராம் தண்ணீர் கேட்கும், அதற்கும் அல்கா வேண்டும். ஏழாவது தொட்டி முடிவதற்குள் ஐந்து பேர் போய்விட்டார்கள். அந்த உலகத்தை மூடிவிட்டேன்.

இரண்டாவது உலகத்தில் நேரே எலக்ட்ரோலைசருக்குப் போனேன். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கிற இயந்திரம். செக்கனுக்கு 1 கிலோ தண்ணீர் உள்ளே, 888 கிராம் ஒட்சிசனும் 112 கிராம் ஐதரசனும் வெளியே. மருமகன் விஞ்ஞானப் பாடத்தை இன்னும் மறக்காததால், 18இல் 16 என்று பிரித்து, நிஜத்திலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் என்று காட்டினான். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இப்படித் தண்ணீரைப் பிரித்துத்தான் ஒட்சிசன் எடுக்கிறார்கள். ஒரு இயந்திரமே எட்டுப் பேருக்குப் போதும். தண்ணீரும் கட்டுப்படியாகும். நிரம்பிய ஒரு கட்டத்தில் 1000 கிலோ தண்ணீர் நிற்கும். எட்டுப் பேருக்குச் சைக்கிளுக்கு 540 கிலோ போகும். எங்கள் குளத்தில் ஏறக்குறைய 100 கட்டம் இருந்தது. 185 சைக்கிள். இந்த முறை தண்ணீரைத் தோண்டவில்லை, பம்பால்தான் எடுக்கிறேன், அதனால் பாதி காணாமல் போகாது என்று இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அதை எங்கே வைத்தேன்? வீட்டின் நடுவில், நடைபாதையில், திறந்தபடி. இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் இரவு மேல்மாடியில் படுத்தவர்கள் எல்லாரும் நீலம் பாரித்து எழும்பி ஓடினார்கள். ஐதரசன் எல்லாவற்றிலும் இலேசானது. மேலே ஏறிக் கூரையின் கீழ் தேங்கிவிட்டது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று படுக்கையறைகளை நான்தான் உச்சிமாடியில் கட்டியிருந்தேன்.

சரி, பெட்டி கட்ட வேண்டும். எலக்ட்ரோலைசரை நான்கு பக்கமும் மூடி, மேலே ஒரு பம்ப் வைத்து ஐதரசனை எடுத்து ஜெனரேற்றருக்கு அனுப்புவது. கீழே இரண்டு பம்ப் வைத்து ஒட்சிசனை வீட்டுக்கு அனுப்புவது. ஜெனரேற்றர் தருகிற மின்சாரமே பெட்டியையும் பம்புகளையும் ஓட்டும். தன் காலில் தான் நிற்கிற பெட்டி. விளையாடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த யுக்தி இது, நான் கண்டுபிடித்ததல்ல.

பெட்டியை 10 கட்ட அகலம், 12 கட்ட உயரத்தில் கட்டினேன். விசாலமாக இருந்தால் வாயு நன்றாகப் பிரியும் என்று நினைத்தேன். நேர்மாறு. இந்த விளையாட்டில் ஒரு கட்டத்துக்குள் ஒரு வாயுதான் இருக்கும். பெரிய அறையில் ஐதரசன் கட்டங்கள் ஒட்சிசனுக்கு நடுவே குமிழிகளாக அலைந்துகொண்டே இருந்தன. மேல் பம்ப் அரைவாசி நேரம் ஒட்சிசனை இழுத்தது. தவறான வாயு போனால் ஜெனரேற்றர் அடிபடும். அடிபட்டது. திருத்த ஆள் போனால் அங்கே மூச்சுவிட முடியாது.

இடித்துவிட்டுச் சின்னதாகக் கட்டினேன். உள்அகலம் 4, உயரம் 8. கீழே இரண்டு வரிசையில் ஒட்சிசன் பம்புகள் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றும் 2க்கு 2 என்பதால் அகலம் சரியாக அடைந்தது. அதற்கு மேல் ஒரு வரிசை காற்றுப் போகிற ஓட்டைத் தரை. அதன்மேல் எலக்ட்ரோலைசர். ஒரு வரிசை வெறுமை. உச்சியில் ஐதரசன் பம்ப். முதல் இரண்டு சைக்கிள் கொஞ்சம் கலங்கியது. அப்புறம் எஃப் 1 அமத்தி வாயுப் படத்தைப் பார்த்தால் மேலே ஐதரசன், கீழே ஒட்சிசன், நடுவில் கோடு கீறின மாதிரி. எண்ணெயும் தண்ணீரும் போல நின்றது. ஆசைக்கு ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

செலவு இவ்வளவு: ஜெனரேற்றருக்கு 800 கிலோ உலோகத் தாது, எலக்ட்ரோலைசருக்கு 200, பம்ப் மூன்றுக்கும் 150, ஐதரசன் பைப்பில் ஒரு வடிக்கு (வேறு வாயு வந்தால் பிரித்துவிடுகிற கருவி) 50. மொத்தம் 1200 கிலோ, சுவரும் பைப்பும் தனி. எல்லாம் செப்புத் தாதுவில் செய்தேன். இதையும் கவனித்து வையுங்கள்; பின்னால் வரும்.

அடுத்தது மின்சாரம். என்னுடைய பெரிய வெட்கம் இதுதான். ஐதரசன் ஜெனரேற்றர் 800 வாட் தரும். பம்ப் ஒன்று 240 வாட், மூன்றுக்கும் 720. எலக்ட்ரோலைசர் 120, வடி 120. கூட்டினால் 960, தண்ணீர்ப் பம்ப் இன்னும் சேரவில்லை. வரவு 800, செலவு 960. ஆனால் காகிதத்தில் வேறு மாதிரி வரும். 888 கிராம் ஒட்சிசனை எடுக்க, 500 கிராம் இழுக்கிற பம்ப் 1.78 போதும், 112 கிராம் ஐதரசனுக்குக் கால் பம்ப்கூட வேண்டாம். அப்படிப் பார்த்தால் பம்புகளுக்கெல்லாம் சேர்த்து 480 வாட்தான். ஏன் 720 போகிறது? பம்ப் அரைகுறையாக 20 கிராம் இழுத்தாலும் முழு 240 வாட்டையும் குடிக்கும். கேஸ் குறைந்த ஏசியில் கொம்பிரசர் நிற்காமல் ஓடி பில் ஏறுகிற அதே கதை. வாரத்துக்கு நாலு வீட்டில் இதை நான் விளக்கிச் சொல்கிறேன்.

அங்கே என்ன செய்வோமோ அதுவே இங்கேயும்: சென்சர். பம்புக்குப் பக்கத்தில் அமுக்கம் பார்க்கிற சென்சர் ஒன்று வைத்து, 500 கிராமுக்கு மேல் இருந்தால் மட்டும் ஓடு என்று கட்டளை. மேலே ஒன்று, கீழே ஒன்று. சென்சருக்கு மின்சாரமே வேண்டாம். செலவு சட்டென்று விழுந்தது: பம்புகள் 480, எலக்ட்ரோலைசர் 120, வடி 120, தண்ணீர்ப் பம்பின் பங்கு 24. மொத்தம் 744. மிச்சம் 56 வாட்.

அந்த 56 வாட்டைக் கண்டதும் எனக்குக் கை அரித்தது. வீட்டு வயரையும் அதே சுற்றில் கொழுவினேன். பிரிட்ஜ் இரண்டு, மின் அடுப்பு ஒன்று, ஆராய்ச்சி மேசை ஒன்று, விளக்கு ஆறு. பிரிட்ஜ் ஓடும்போது ஒன்று 120 வாட். 91ஆவது சைக்கிளில் சமையலும் ஆராய்ச்சியும் ஒன்றாக நடந்தபோது பற்றரி வற்றியது. பற்றரி வற்ற, பம்ப் நின்றது. பம்ப் நிற்க, ஐதரசன் வரவில்லை. ஐதரசன் வராவிட்டால் மின்சாரம் இல்லை. எல்லாம் அப்படியே நின்றது. பிரிட்ஜ்காரனின் காலனியைப் பிரிட்ஜ் இரண்டு கொன்றுவிட்டது என்று மருமகன் அக்காவுக்குப் போனில் சொல்லிச் சிரித்தான்.

எழுப்புவதற்கு வழி அவன்தான் சொன்னான். ஒட்சிசன் பம்ப் இரண்டையும் நிறுத்தி, வீட்டு வயரை வெட்டி, ஆள் ஓடிச் சுற்றுகிற சில்லு ஜெனரேற்றர் ஒன்றைப் பெட்டிச் சுற்றில் இணைத்தோம். அது 400 வாட் தரும். எலக்ட்ரோலைசர் 120, ஐதரசன் பம்ப் 240, 360 வாட். பைப்பில் தண்ணீர் நின்றதால் தண்ணீர்ப் பம்ப் வேண்டியிருக்கவில்லை. 40 வாட் வித்தியாசத்தில் தப்பினோம். ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு சில்லில் ஓட, கொஞ்ச நேரத்தில் ஜெனரேற்றர் பச்சை காட்டியது.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் கரண்ட் போய்விட்டது. என்னுடைய லப்டொப்பின் பற்றரி செத்து இரண்டு வருடம். வயரில் மட்டும்தான் உயிர். விளையாட்டு ஒவ்வொரு சைக்கிள் தொடக்கத்திலும் தானே சேமிக்கும் என்பதால் பாதிச் சைக்கிள்தான் போனது. ஆனால் அந்தப் பாதிக்குள்தான் எல்லா வேலையும் செய்திருந்தோம். கச்சான் காற்று யன்னலால் அனலாக வீச, இருட்டில் திண்ணையில் இருந்து, தன்னைத் தானே ஓட்டுகிற பெட்டி பற்றி இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. எல்லாம் திரும்பச் செய்தோம். இப்போது பெட்டிச் சுற்று தனி, வீட்டுச் சுற்று தனி. வீட்டுக்கு நிலக்கரி ஜெனரேற்றர். சில்லு அங்கேயே நிற்கிறது, கழற்றவில்லை.

அப்புறம் செப்பு. சாதாரண தாதுவில் செய்த பம்ப் 75 பாகையைத் தாண்டினால் சூடேறி உடையும். எலக்ட்ரோலைசர் தருகிற ஒட்சிசன் குறைந்தது 70 பாகையில் வரும். பம்புகளும் தங்கள் சூட்டைச் சேர்க்க, 75 என்பது அடுத்த வீடு. ஒவ்வொரு பம்பாக உடைந்தது. கோல்ட் அமல்கம் என்கிற தாதுவில் செய்தால் இன்னும் 50 பாகை தாங்கும், 125 வரை. எலக்ட்ரோலைசரையும் பம்ப் மூன்றையும் இடித்து, அதே 350 கிலோவை அந்தத் தாதுவில் திரும்பப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு பம்பும் உடையவில்லை.

ஆனால் வீட்டுக்குப் போவது 70 பாகைக் காற்றுத்தானே. எங்கள் கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஆனாலும் மிகச் சூடானதைக்கூட வாளியில் அள்ளித் தலையில் ஊற்றலாம். 70 பாகை அப்படியல்ல. ஆட்கள் தாங்கினார்கள், செடி தாங்கவில்லை. மீல்வூட் என்ற செடிதான் எங்கள் சாப்பாடு. அது 30 பாகைக்கு மேல் வளராது. 104ஆவது சைக்கிளில் தோட்டம் முழுக்க நின்றுவிட்டது. நான் ஒட்சிசன் அளவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, எஃப் 3 அமத்துங்கோ," என்றான். அமத்தினால் வெப்பநிலைப் படம், வீடு முழுக்கச் செம்மஞ்சள்.

இது என் தொழில். கணக்குப் போட்டேன்: செக்கனுக்கு 800 கிராம், 70இல் இருந்து 25 பாகைக்கு, 45 பாகை இறக்க வேண்டும். ஒட்சிசனின் வெப்பக் கொள்ளளவு 1.005. பெருக்கினால் ஏறக்குறைய 36 கிலோவாட். ஒரு 12,000 பிடியூ ஏசி மூன்றரைக் கிலோவாட் குளிர்தான் தரும். ஆக, எட்டுப் பேர் மூச்சு விடுவதற்குப் பத்து ஏசி! கொம்பிரசர் இல்லாமல் இதைச் செய்ய ஒரு செடி இருக்கிறது, வீஸ்வோர்ட். பனிப்பகுதியில் முளைக்கும். சுற்றியுள்ள வாயுவில் செக்கனுக்கு ஒரு கிலோவை இழுத்து 5 பாகை குளிர்த்தி விடும். எந்த வாயு என்பதுதான் முக்கியம். ஐதரசனுக்குக் கொள்ளளவு 2.4, ஐந்தால் பெருக்கினால் 12 கிலோவாட். மூன்று செடி, 36. மிச்சமில்லாத கணக்கு.

ஐந்து கட்ட அகலத்தில் ஒரு அறை கட்டி, மூன்று செடியையும் பெட்டிகளில் நட்டு, பொசுபரைற்று உரமும் போட்டு, ஒட்சிசன் பைப்பை வளைத்து வளைத்து உள்ளே விட்டேன். முதலில் கருங்கல் பைப். வெளியே வந்த காற்று 52 பாகை. வெப்பம் கடத்துகிற ரேடியன்ட் பைப் 14 துண்டு மாற்றினேன். 43. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. இரண்டு இரவு பைப்பை மாற்றி மாற்றி வளைத்துப் பார்த்தேன். செடியை இடம் மாற்றினேன். உரத்தைச் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் இரவு சுட்டியைச் செடியின் மேல் வைத்துச் சும்மா பார்த்தபோது அங்கே எழுதியிருந்தது: ஒட்சிசன்.

அறையை மூடும்போது உள்ளே இருந்த காற்றை நான் எடுக்கவில்லை. அப்படியே ஐதரசனை விட்டிருக்கிறேன். ஒட்சிசன் பாரமானது, கீழ் வரிசையில், செடிகளின் காலடியில் படிந்து நின்றது. மேலே நான் விட்ட ஐதரசன் வேலையில்லாமல் நின்றது. செடி ஒட்சிசனைக் குளிர்த்தினால் 12 அல்ல, 5 கிலோவாட்தான். இருபத்திரண்டு வருடமாக ஏசி பொருத்துகிறேன். வக்யூம் எடுக்காமல் ஒரு இடத்திலும் கேஸ் விட்டதில்லை. அவசரமாக இருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள் என்று கெஞ்சின வீட்டுக்காரர்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் வேலைத்தளத்துக் கதவில் மாட்டியிருந்த வக்யூம் பம்பின் ஹோஸைக் கொண்டுவந்து மேசையில், கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

ஒரு பம்பை உள்ளே வைத்து அறையை முழுக்க வெறுமையாக்க மூன்று சைக்கிள் பிடித்தது. பிறகு ஐதரசன். பத்துச் சைக்கிளில் பைப்பின் மறுமுனையில் 27 பாகை. மீல்வூட் 131ஆவது சைக்கிளில் திரும்ப வளரத் தொடங்கியது.

அடுத்த தடவை செய்வதானால், கோல்ட் அமல்கம் கிடைக்கும்வரை பெட்டி கட்டமாட்டேன். அதுவரை அல்காவில் ஓட்டலாம், பாதிக் கணக்கோடு. சில்லு ஜெனரேற்றரை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றது. செடி நான்கு நடுவேன், மூன்று போதும் என்றாலும். ஐதரசன் பைப்பில் உள்ள வடியைக் கழற்றி 120 வாட் மிச்சம் பிடிக்கலாம் என்று மருமகன் நச்சரிக்கிறான். கோடு கீறினபடி பிரிந்து நிற்கும்போது எதற்கு என்கிறான். அவன் சொல்வது சரியாக இருக்கலாம். எனக்குத் தைரியமில்லை.

நேற்று இரவு ஆள் அனுப்புகிற இயந்திரம் மூன்று பேரைக் காட்டியது. அதில் ஒருத்தி நல்ல சமையல்காரி. ஒன்பதாவது ஆள் என்றால் செக்கனுக்கு 900 கிராம். எங்களிடம் 888.

"12 கிராம்தானே மாமா," என்றான்.

"சைக்கிளுக்கு 7.2 கிலோ," என்று சொல்லி, எல்லாரையும் திருப்பி அனுப்புகிற பொத்தானை அமத்தினேன்.